அளவுகோல் ஊரார் கையில், அதிகாரம் யார் கையில்?

2003 முதல் 2009 வரை, அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தின் ஏழு வறட்சி மாவட்டங்களில், அறுநூறுக்கும் மேற்பட்ட ஊர்களில் ஒரு பணி நடந்துவந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை விவசாயி ஒருவர் கண்காணிப்புக் கிணற்றுக்குள் அளவு நாடாவை இறக்குவார். நாடாவின் முனை நீரைத் தொட்டதும் அந்த ஆழம் ஏட்டில் குறிக்கப்படும். மோட்டார் கொட்டும் நீரைப் பீப்பாயில் பிடித்து, அது நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று கணக்கிடுவர். மழைமானியின் அளவும் அதனுடன் சேரும். இவையனைத்தும் ஊர்ப் பொதுவிடத்தில் பலகையில் எழுதப்படும். ரபி விதைப்புக்கு முன் ஊரார் கூடுவர். பெய்த மழையில் எவ்வளவு நிலத்துக்குள் இறங்கியது, ஒவ்வொருவரும் போட எண்ணும் பயிருக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்று கூட்டிக் கழித்துப் பார்ப்பர். பற்றாக்குறை தெரிந்தால் சிலர் நெல்லைக் கைவிட்டு நிலக்கடலைக்கோ பயறுக்கோ மாறுவர்.

ஆந்திர விவசாயிகளால் நிர்வகிக்கப்படும் நிலத்தடிநீர் அமைப்புகள் என்று பெயர்பெற்ற இத்திட்டத்தை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் செயல்படுத்தியது. திட்டம் எவருக்கும் மானியம் தரவில்லை. எவர் மீதும் தடை விதிக்கவில்லை. அறிவை மட்டுமே தந்தது. அந்த அறிவின் விளைவாக நீரெடுப்பு குறைந்தது என்று உலக வங்கி 2010ஆம் ஆண்டு அறிக்கையில் பாராட்டியது. நிலத்தடிநீர் பற்றி எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகளில் மக்கள் பங்கேற்புக்கு எடுத்துக்காட்டு தேவைப்படும் இடத்திலெல்லாம் இன்றுவரை இத்திட்டம் வந்து நிற்கிறது.

அக்கட்டுரைகள் பலவற்றில் அழுத்தம் பெறாத செய்தி ஒன்று உண்டு. அதே ஊர்களில் புதிய ஆழ்துளைக் கிணறு தோண்ட யாருக்கு அனுமதி, யாருக்கு மறுப்பு என்று முடிவுசெய்யும் அதிகாரம் ஊராரிடம் இல்லை. 2002ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச நீர், நிலம், மரங்கள் சட்டம் அவ்வதிகாரத்தை அரசு அமைத்த ஆணையத்துக்கும் அதன் அலுவலர்களுக்கும் வழங்கியிருந்தது. நீர் எவ்வளவு இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் ஒருபுறம். அந்நீரைப் பற்றி ஆணையிட வல்லவர்கள் மறுபுறம். ஊர்ப் பலகை பற்றாக்குறை என்று சொன்ன அதே வாரத்தில் ஒருவர் தோண்டும் எந்திரத்தைத் தம் நிலத்தில் நிறுத்தினால், அவரைத் தடுக்கப் பலகையில் எழுதியவர்களுக்குச் சட்டவழி எதுவும் இல்லை. அவர்கள் கெஞ்சலாம், கடிந்துகொள்ளலாம், மனுக் கொடுக்கலாம்.

இந்தியாவில் நிலத்தடிநீர்ப் பாதுகாப்பில் மக்கள் பங்கேற்பு என்று வழங்கப்படுவதன் உள்ளீடு பெரும்பாலும் இவ்வளவே. மக்கள் அளக்க வேண்டும், கணக்கிட வேண்டும், சிக்கனம் பேண வேண்டும், கூட்டத்துக்கு வந்து கையொப்பம் இட வேண்டும். முடிவெடுக்க மட்டும் கூடாது. இதைப் பங்கேற்பு என்று அழைப்பது பிழை. ஊதியமில்லாத தரவுச் சேகரிப்பு என்பதே இதற்குப் பொருந்தும் பெயர்.

கேட்பது மிகையென்று தோன்றுவோர் முதலில் நிலைமையின் அளவைக் காண வேண்டும். இந்தியா ஆண்டுதோறும் ஏறத்தாழ 240 பில்லியன் கனமீட்டர் நிலத்தடிநீரை எடுக்கிறது. உலகில் வேறெந்த நாடும் இவ்வளவு எடுப்பதில்லை. உலகம் எடுக்கும் மொத்தத்தில் இது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. இதில் 87 விழுக்காடு பாசனத்துக்குச் செல்கிறது. 2017-18ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட ஆறாம் சிறுபாசனக் கணக்கெடுப்பின்படி நிலத்தடிநீரை எடுக்கும் பாசன அமைப்புகள் சுமார் 2.19 கோடி. நாடு முழுவதையும் சேர்த்து, ஆண்டு ஊறலில் எடுக்கத்தக்கதில் 60 விழுக்காடுதான் எடுக்கப்படுகிறது என்று அரசின் மதிப்பீடு ஆறுதல் சொல்கிறது. அந்தச் சராசரிக்குள் பஞ்சாபும் இருக்கிறது. அங்கே எடுப்பு 150 விழுக்காட்டுக்கும் மேல். நாட்டின் சராசரியைக் கொண்டு சங்ரூர் விவசாயியின் கிணற்றில் ஒரு குடம் நீர் கூட ஊறாது. 2023 மதிப்பீட்டில் 6,553 மதிப்பீட்டு அலகுகளில் 736 அலகுகள் மிகை நுகர்வுக்குள்ளானவை எனக் குறிக்கப்பட்டன.

இரண்டு கோடிக்கு மேற்பட்ட கிணறுகளை யார் காவல் காப்பது? மத்திய நிலத்தடிநீர் வாரியம் நாடு முழுவதும் சுமார் 26,000 கண்காணிப்புக் கிணறுகளை வைத்திருக்கிறது. பாசனக் கிணறு ஏறத்தாழ 840க்கு ஒரு கண்காணிப்புக் கிணறு. அவற்றிலும் பெரும்பாலானவற்றில் ஆண்டுக்கு நான்கு முறைதான் நீர்மட்டம் அளக்கப்படுகிறது. கருங்கல் பாறையும் அதன் வெடிப்புகளுமே நீரைத் தாங்கும் தக்காணத்தில், ஒரு கிணறு வற்றியிருக்க நூறடி தள்ளிய கிணற்றில் நீர் இருக்கும். அங்கே மாவட்டத் தலைநகரிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. ஊரார் பார்த்தால்தான் தெரியும். மக்கள் ஈடுபாடு தேவை என்பதற்கு அறநெறி வாதங்களைத் தேட வேண்டியதில்லை. பாறையின் அமைப்பே அதைக் கேட்கிறது.

இந்த இடத்தில் சட்டத்தின் வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது பயன்தரும். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் ஏழாம் பிரிவு, தன் எல்லைக்குள் நிலத்தின் கீழ் உள்ள, வரையறுத்த வாய்க்காலில் ஓடாத நீர் முழுவதையும் சேகரித்துப் பயன்படுத்தும் உரிமை நில உரிமையாளருக்கு உண்டு என்று எடுத்துக்காட்டி விளக்குகிறது. இந்த விதியின் மூலம் இங்கிலாந்து. 1843இல் ஆக்டன் எதிர் பிளண்டெல் வழக்கில், சுரங்கம் தோண்டியதால் தன் கிணறு வற்றியது என்று முறையிட்ட பருத்தி ஆலை உரிமையாளர் தோற்றார். ஆற்று நீருக்கான விதியை நிலத்தடிநீருக்குப் பொருத்த முடியாது என்பதற்கு நீதிமன்றம் சொன்ன காரணங்களுள் முதன்மையானது அறியாமை: நிலத்துக்குள் நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது எவருக்கும் தெரியாது, தெரியாத ஒன்றைப் பற்றி அண்டை வீட்டார் தமக்குள் உடன்பாடு கொண்டதாகக் கருத இயலாது.

1843இல் அது நேர்மையான காரணம். நிலத்தடிநீரியல் அப்போது அறிவியலாக உருப்பெறவில்லை. ஆனால் அனந்தபூரில் எழுத்தறிவு குறைந்த விவசாயி தன் கிணற்றின் நீர்மட்டத்தையும் அண்டைக் கிணற்றின் நீர்மட்டத்தையும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒப்பிட்டுச் சொல்லத் தொடங்கிய பிறகு அந்தக் காரணம் என்ன ஆயிற்று? தெரியாது என்பதன் மீது எழுப்பப்பட்ட சட்டம், தெரிந்துவிட்ட பின்பும் நிற்கிறது. காரணம் போய்விட்டது, அதனால் பயன்பெற்ற உடைமை மட்டும் எஞ்சியிருக்கிறது. ஊரார் கையில் கொடுக்கப்பட்ட அளவு நாடா உண்மையில் இச்சட்டத்தின் அடித்தளத்தை அறுக்கும் கருவி. அதை வழங்கிய திட்டங்களோ அதன் இந்த விளைவைப் பற்றி வாய்திறப்பதில்லை.

நிலமற்றவர்களை இச்சட்டம் எங்கே வைக்கிறது என்பதும் கேட்கப்பட வேண்டியது. நீர் நிலத்தைச் சார்ந்த உரிமை என்றால், நிலமில்லாதவருக்கு நீரில் உரிமையில்லை. ஊரின் கைப்பம்பு வற்றும்போது முதலில் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது கூலிக் குடும்பத்துப் பெண். அதே ஊரில் கரும்புக்கு இரவெல்லாம் நீர் பாய்வது சட்டப்படி குற்றமன்று. ஆழமாகத் தோண்டப் பணமுள்ளவர் தோண்டுகிறார். அவரது குழாய் இறங்க இறங்க, ஆழமற்ற கிணறுகளின் உடைமையாளர்களான சிறு விவசாயிகள் நீரிழக்கின்றனர். தன் நிலத்தின் எல்லைக்குள் என்று சட்டம் சொல்கிறது. நீர்த்தாங்கிக்கு வரப்பு ஏது?

அரசுகள் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1970இல் மத்திய அரசு முதல் மாதிரி மசோதாவை மாநிலங்களுக்கு அனுப்பியது; அதைத் திருத்தித் திருத்தி 2005 வரை அனுப்பிக்கொண்டிருந்தது. அவற்றின் அச்சு ஒன்றே: மாநிலத் தலைநகரில் ஓர் ஆணையம், அறிவிக்கை செய்யப்பட்ட பகுதிகள், அனுமதிச் சீட்டு. ஊர் அதில் ஆளப்படும் பொருளாக மட்டுமே இடம்பெற்றது. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவையொட்டி 1997இல் மத்திய நிலத்தடிநீர் ஆணையம் அமைக்கப்பட்டது. அது 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி வேளாண்மைக்கு நீரெடுக்க அனுமதி தேவையில்லை. 87 விழுக்காடு நீர் செல்லும் வழியில் ஒழுங்குமுறையாளர் நிற்கவே இல்லை. விவசாயிகளை அலுவலகங்களுக்கு அலையவைக்காத விலக்கு என்ற வகையில் அதில் நியாயமுண்டு. ஆயினும் மேலிருந்து ஆள இயலாது என்று ஒப்புக்கொண்ட பின், கீழிருந்து ஆளும் உரிமையை ஊருக்கு வழங்காமல் விட்டது ஏன் என்ற கேள்விக்கு விடையில்லை.

ஊர் அந்த உரிமையைத் தானே எடுத்துக்கொண்டபோது நிகழ்ந்ததைப் பிளாச்சிமடை காட்டும். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய கொக்கக் கோலா ஆலைக்கு எதிராக, கிணற்று நீர் கெட்டதையும் குறைந்ததையும் முதலில் உணர்ந்த பழங்குடிப் பெண்கள் 2002 ஏப்ரலில் போராட்டத்தைத் தொடங்கினர். எந்த ஆய்வகமும் சொல்வதற்கு முன்பே அந்நீரில் சமைத்த சோற்றைக் கொண்டு அவர்கள் அதைக் கண்டறிந்தனர். பெருமாட்டி ஊராட்சி 2003இல் ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடிநீர் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதன் பொறுப்பாளர் மட்டுமே என்று தீர்ப்பளித்தார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, நிலவுடைமையாளர் தம் நிலத்து நீரை நியாயமான அளவில் எடுக்கலாம் என்ற நிலைக்குத் திரும்பி, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்க வழிவிட்டது. 2004 மார்ச்சில் நின்ற உற்பத்தி பிறகு தொடங்கவில்லை என்பது போராட்டத்தின் வெற்றி. இழப்பீட்டுக்காகக் கேரள சட்டப்பேரவை 2011இல் நிறைவேற்றிய தீர்ப்பாய மசோதாவோ குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறவில்லை. ஆலையை மக்கள் நிறுத்தினர். சட்டத்தை அவர்களால் அசைக்க முடியவில்லை.

பிளாச்சிமடைக்குப் பின் வந்த திட்டங்கள் மக்களைப் பேசவைக்கின்றன என்பது உண்மை. 2019 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட அடல் பூஜல் திட்டம் 6,000 கோடி ரூபாய் மதிப்புடையது. பாதி உலக வங்கிக் கடன். குஜராத், ஹரியானா, கர்நாடகம், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய ஏழு மாநிலங்களில் சுமார் 8,200 ஊராட்சிகள் அதன் களம். ஒவ்வோர் ஊராட்சியும் நீர் வரவுசெலவு தயாரிக்கிறது. நீர்ப் பாதுகாப்புத் திட்டம் எழுதுகிறது. தரவை வெளியிட்டதற்கும், திட்டங்களைத் தயாரித்ததற்கும், நீர்மட்டச் சரிவு நின்றதற்கும் மாநிலங்களுக்கு ஊக்கத்தொகை கிடைக்கிறது. ஏட்டளவில் இது முன்னேற்றம். எனினும் ஊராட்சி எழுதிய நீர்ப் பாதுகாப்புத் திட்டத்தை ஒருவர் மீறினால் என்ன ஆகும் என்ற ஒரே கேள்வியில் அது சரிந்துவிடுகிறது. ஒன்றும் ஆகாது. வங்கிக் கடனும் மின் இணைப்பும் சூரிய மின்மோட்டார் மானியமும் ஊராட்சியின் நீர்க் கணக்கைக் கேட்டுவிட்டு வருவதில்லை. ஒரு துறை ஊருக்கு வரவுசெலவு எழுதக் கற்றுத்தருகிறது. மற்றொரு துறை அந்த வரவுசெலவைப் பொருட்படுத்தாமல் செலவை ஏற்றுகிறது.

நீரின் தரத்திலும் கதை இதுவே. ஜல் ஜீவன் இயக்கத்தின் கீழ் ஊருக்கு ஐந்து பெண்கள் வீதம் நீர்ப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி பெற்றுள்ளனர். ஃபுளோரைடு, நைட்ரேட், குளோரைடு ஆகியவற்றின் அளவை அவர்கள் கண்டறிந்து பதிவேற்றுகின்றனர். எல்லை மீறிய அளவு தெரிந்தபின், கழிவை நிலத்துக்குள் இறக்கும் ஆலையின் வாயிலுக்குள் நுழையவோ, பதிவேடுகளைக் கேட்கவோ, வேலையை நிறுத்திவைக்கவோ அவர்களுக்கு அதிகாரமில்லை. நோயைக் கண்டறிபவர் ஊரில் இருக்கிறார். மருந்தெழுதும் உரிமை வேறெங்கோ பூட்டிக் கிடக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும்: அதிகாரம் இல்லாமலே ஊர்கள் சாதித்திருக்கின்றனவே! மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார் அதற்குச் சான்றாகக் காட்டப்படும். ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் அளவிலேயே மழைபெறும் அவ்வூர், போபட்ராவ் பவாரின் தலைமையில், பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது, கரும்பும் வாழையும் கூடாது என்று முடிவெடுத்து, ஆண்டுதோறும் நீரைக் கணக்கிட்டுப் பயிரைத் தீர்மானித்தது. அதன் அருமையைக் குறைத்துப் பேசுவது அறமன்று. ஆனால் ஹிவரே பஜார் எதைக் காட்டுகிறது? ஊர் நீரை அளந்ததால் மட்டும் அங்கே மாற்றம் வரவில்லை. ஊர் விதி செய்தது. அவ்விதிக்கு எல்லோரும் கட்டுப்பட்டனர். சட்டம் தராத அதிகாரத்தை அங்கே ஒரு தலைவரின் செல்வாக்கும் கிராம சபையின் ஒற்றுமையும் ஈடுசெய்தன. அத்தகைய தலைவர் வாய்க்காத ஊர்கள் வற்றிப் போகட்டும் என்பதா கொள்கை? கொள்கை என்பது சாமானியத் தலைவர்களும் சண்டையிடும் பங்காளிகளும் வாழும் ஊருக்குப் பயன்பட வேண்டியது.

ஆந்திரத்தின் சில ஊர்களிலும் விவசாயிகள் ஒருபடி மேலே சென்றனர். இனிப் புதிய ஆழ்துளைக் கிணறு இல்லை என்று தமக்குள் உடன்பட்டனர். கிணறு உள்ளோர் இல்லாதோருக்குக் குழாய் வழியே நீர் பகிர்ந்தனர். தகவலை மட்டும் தந்த முயற்சிகளையும், இவ்வாறு கூட்டு விதி செய்த முயற்சிகளையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், விழிப்புணர்வு தனியே போதாது என்ற முடிவுக்கே வந்தனர். வெளிநிதி நின்றபின் அளவெடுக்கும் ஆர்வம் தேய்வது இயல்பு. தன் அளவீட்டால் எதையும் மாற்ற முடியாது என்று கண்ட பிறகும் ஒருவர் ஆண்டுக்கணக்கில் நாடாவை இறக்கிக்கொண்டிருப்பார் என்று எதிர்பார்ப்பது, அவரது நேரத்துக்கு மதிப்பே இல்லை என்று கருதுவதாகும்.

பொதுவளங்களைப் பற்றி எழுதும் எவரும் எலினார் ஆஸ்ட்ரமை மேற்கோள் காட்டாமல் விடுவதில்லை. 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற அவரது முனைவர் பட்ட ஆய்வு, தெற்குக் கலிபோர்னியாவின் ஒரு நிலத்தடிநீர்ப் படுகையைப் பற்றியதே. கடல்நீர் உட்புகுந்துகொண்டிருந்த அங்கே நீரெடுப்போர் கூடி அளந்தனர். பிறகு நீதிமன்றம் சென்று, ஒவ்வொருவரும் எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற உடன்பாட்டுக்குச் சட்டவலிமை பெற்றனர். அதைக் கண்காணிக்க ஒருவரை அமர்த்தினர். அவர்கள் நகராட்சிகளும் நிறுவனங்களுமாகச் சில நூறு பேர். இந்தியாவின் கோடிக்கணக்கான சிறு விவசாயிகளோடு அப்படியே ஒப்பிட இயலாது. ஆயினும் ஆஸ்ட்ரம் வகுத்த நெறிகளுள் ஒன்று, விதி செய்யும் மக்களின் உரிமையை அரசு அங்கீகரிக்க வேண்டும் என்பது. மற்றொன்று, மீறுவோருக்குப் படிப்படியான தண்டம் வேண்டும் என்பது. இந்தியத் திட்ட ஆவணங்கள் அவரிடமிருந்து சமூகம் என்ற சொல்லை எடுத்துக்கொண்டன, இவ்விரண்டையும் விட்டுவிட்டன.

வலுவான மறுப்பு வேறொன்று. கிராம சபைக்கு அதிகாரம் கொடுத்தால் அது யார் கைக்குப் போகும்? நிலமும் சாதியும் உடையோரின் கைக்கே போகும். தலித் குடியிருப்பின் குழாய்க்குத்தான் முதலில் பூட்டு விழும். இந்த அச்சம் கற்பனையன்று. இந்திய ஊரைப் புனிதப்படுத்தும் எழுத்து எதுவும் இதற்கு விடைசொல்லாது. ஆனால் இந்த வாதம் இன்றைய நிலையைக் காக்கும் வாதமாகாது. இன்று நீர் ஏற்கெனவே நிலமுடையோர் கையில்தான், அதுவும் சட்டத்தின் முத்திரையோடு, இருக்கிறது. வேண்டுவது அதிகாரத்தைத் தரும்போதே அதன் வரம்பையும் எழுதிவைப்பது. அதற்கு முன்மாதிரி உண்டு. 1970களில் மகாராஷ்டிரத்தின் புரந்தர் வட்டத்தில் விலாஸ்ராவ் சாளுங்கே தொடங்கிய பானி பஞ்சாயத்து, நீரை நிலத்தின் பரப்புக்கு ஏற்பப் பங்கிடாமல் குடும்பத்தின் தலைக்கணக்குக்கு ஏற்பப் பங்கிட்டது. நிலமற்றோருக்கும் பங்கு வைத்தது. கரும்புக்கு நீர் மறுத்தது. நிலத்திலிருந்து நீரைப் பிரித்தெடுக்க முடியும் என்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அங்கே விடை எழுதப்பட்டுவிட்டது.

மின்கட்டணத்தை உயர்த்தினால் போதும், ஊரும் சபையும் எதற்கு என்று பொருளியலாளர் சிலர் கேட்பர். பஞ்சாபில் 1997இல் வந்த இலவச மின்சாரமும் நெல்லுக்குக் கிடைத்த உறுதியான அரசுக் கொள்முதலும் நீர்மட்டத்தை எங்கே கொண்டுசென்றன என்பதை யாரும் மறுக்க முடியாது. நாற்று நடும் நாளைத் தள்ளிவைக்க அங்கே 2009இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. விலை ஒரு கருவிதான். ஆனால் விலையேற்றத்தில் முதலில் மோட்டாரை நிறுத்துபவர் சிறு விவசாயி. பெரியவர் கட்டணத்தைச் செலுத்திவிட்டு இறைத்துக்கொண்டிருப்பார். மேலும், இந்த ஆண்டு இந்த நீர்த்தாங்கியில் எவ்வளவு எடுக்கலாம் என்பது மின்கட்டணச் சீட்டுக்குத் தெரியாது. நெல்லை விடச் சொல்பவர்கள் சிறுதானியத்தையும் பயறையும் உறுதியாகக் கொள்முதல் செய்யாதவரை, பழியை விவசாயி மேல் போடுவது கோழைத்தனம்.

ஆகவே கேட்க வேண்டியவை தெளிவானவை. நிலத்தடிநீரை நிலவுடைமையிலிருந்து பிரித்து, மக்களுக்காக அரசு காத்துநிற்கும் பொதுவளம் என்று மாநிலச் சட்டங்கள் அறிவிக்க வேண்டும். மத்திய அரசு 2016-17இல் முன்வைத்த மாதிரி வரைவு இக்கருத்தை ஏற்கிறது. மாதிரி வரைவு யாரையும் கட்டுப்படுத்தாது என்பதே அதன் குறை. குடிநீருக்கு முதலிடமும் நிலமற்றோருக்குப் பங்கும் கிராம சபையால் மாற்ற முடியாத விதிகளாக அமைய வேண்டும். அவ்வரம்புக்குள், ஊராட்சியின் நீர்ப் பாதுகாப்புத் திட்டத்துக்குச் சட்டவலிமை வேண்டும். அதற்கு முரணாகப் புதிய கிணற்றுக்கோ ஆலைக்கோ எந்தத் துறையும் அனுமதி தரலாகாது. நீர்த்தாங்கி ஊர் எல்லையில் முடியாது என்பதால், ஓடைப் படுகை வாரியாக ஊர்கள் கூட்டாக முடிவெடுக்கும் அமைப்பும் வேண்டும்; ஆந்திரத் திட்டம் அத்தகைய கூட்டமைப்புகளை அன்றே உருவாக்கிக் காட்டியது. அரசமைப்பின் 73ஆவது திருத்தம் நீர் மேலாண்மையை ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பொருள்களின் பட்டியலில் 1992இலேயே சேர்த்துவிட்டது. ஒப்படைக்கும் கை மட்டும் இன்னும் நீளவில்லை.

ஆய்வுலகத்துக்கும் இதில் பங்குண்டு. பங்கேற்பை அளக்க அது கையாளும் அளவுகோல்கள் எவை? கூட்டங்களின் எண்ணிக்கை, வருகைப் பதிவேடு, பெண்களின் விழுக்காடு, பயிற்சி நாள்கள். இக்கூட்டத்தின் முடிவை மீறிய ஒருவர் தடுக்கப்பட்டாரா என்ற கேள்வி வினாநிரலில் இடம்பெறுவது அரிது. ஊரார் ஆண்டுக்கணக்கில் எடுத்த அளவீடுகள் ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் அட்டவணையாகின்றன; அவ்வாய்வேடு அவ்வூர் மொழியில் அவ்வூருக்குத் திரும்புவதில்லை. கிணற்றடியில் நின்று எண்ணைச் சொன்னவர் தகவலாளி ஆகிறார். எண்ணை எழுதிக்கொண்டு சென்றவர் அறிஞர் ஆகிறார். மக்கள் அறிவு என்று முகவுரையில் போற்றுவோர் அந்த அறிவுக்கு அதிகாரம் கேட்டு முடிவுரையில் எழுதாமல் விடுவது நடுநிலையாகாது. 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் பக்கம் நிற்பதே அது.

நிலத்தடிநீர் கண்ணுக்குத் தெரியாதது என்ற சொல் இத்துறையின் நூல்களில் தேய்ந்துபோகும் அளவுக்கு வழங்குகிறது. ஊர்ப் பலகையில் சுண்ணாம்பால் எண்கள் எழுதப்பட்ட நாளில் அது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அந்த எண்களைப் பார்த்துத் தன் வயலில் நெல்லை விட்டுவிட்ட விவசாயி, பக்கத்து நிலத்தில் தோண்டும் எந்திரம் இரைவதைக் கேட்டபோது திரும்பிப் பார்க்க ஒரு சட்டம் இல்லை. அவர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார். மீதி வேலை சட்டம் இயற்றுவோருடையது. அவர்களை அமைதியாக இருக்கவிடாத வேலை கற்றோருடையது.